காய்ந்த தொட்டியில் எடுத்த படம்

என்னிடம் ஒரு செப்டிக் டேங்க் லாரி இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை யார் கூப்பிட்டாலும் போய்க் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு வருவேன். லாரி வாங்குவதற்கு முன்னால் வாளியும் கயிறுமாக நானே தொட்டிக்குள் இறங்கி அள்ளியிருக்கிறேன். அதை விரித்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இனிமேல் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் லாரி வாங்கினேன் என்று சொன்னால் போதும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழ் நன்றாகப் படிப்பேன், ஆங்கிலம் வராது. ஆட்களிடம் பேசுவதும் வராது. வேலைக்குப் போன வீட்டில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு நாக்கு வறண்டு திரும்பிய நாட்கள் உண்டு. அதனால் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் வெப்சைட்காரர், "நீங்க யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்ணே, நெட்ல தேடி அவங்களே போன் பண்ணுவாங்க" என்றபோது, எனக்காகவே சொன்னது போல இருந்தது.

படம் எடுக்க அவர் குரும்பலூருக்கு வந்தார். அன்று எனக்கு அங்கே ஒரு வீட்டில் வேலை. லாரியை நாலு பக்கமும் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லா லாரிக்காரனும் இதையேதாண்ணே போட்டிருக்கான். ஆளு வேணும். வேலை செய்யுற மாதிரி ஆளு."

"குழாயப் புடிச்சிட்டு நிக்கட்டுங்களா?"

"அதையும் எல்லாரும் போட்டாச்சு."

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய தொட்டி மூடி போடாமல் கிடந்தது. ஒரு சொட்டுக் கழிவு விழாத தொட்டி. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். உள்ளே நின்று வாளியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கீங்களே" என்று, கரிசல் மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கையிலும் மார்பிலும் பூசிக்கொள்ளச் சொன்னார். முகத்தில் கொஞ்சம் அவரே தெளித்தார். கொத்தனாரும் சித்தாள் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மாமா சினிமாவுக்குப் போயிட்டாருடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "வாயை மூடுங்கண்ணே, கஷ்டப்படுற மாதிரி பாருங்க" என்றார். பார்த்தேன். அதற்காக நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கடையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் வேலையை முடித்தார். படம் கனமாக இருந்தால் பட்டிக்காட்டு சிக்னலில் திறக்காது, பார்க்கிறவன் போய்விடுவான் என்று அதை இளைக்க வைத்தார். படத்துக்குப் போன் தானாகப் பெயராக வைத்திருந்த எண்ணை அழித்துவிட்டு, ஊர்ப் பெயரும் வேலையும் வருகிற மாதிரி புதுப் பெயர் வைத்தார். பிறகு அதற்குப் பின்னால் எதையோ தட்டினார்.

"என்னங்க எழுதுறீங்க?"

"தேடுற மெசினுக்குக் கண்ணு கெடையாதுண்ணே. படத்துல என்ன இருக்குன்னு நாமதான் எழுத்துல சொல்லணும். அத வெச்சுத்தான் அது ஆளுங்களக் கூட்டியாரும். வெளியில தெரியாது."

"என்ன சொல்லியிருக்கீங்க?"

"இருக்குறதத்தான்."

நான் மேலே கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் போன் வர ஆரம்பித்தது. பாடாலூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர், "லாரி மட்டும் வருமா, ஆளும் எறங்குவாரா?" என்றார். ஒரு அம்மா, "படத்துல இருக்குற ஆளையே அனுப்புங்க, பாவம், நல்லா வேலை செய்வாரு போலிருக்கு" என்றார். லாரி மட்டும்தாங்க என்பேன். பாதிப் பேர் பேச்சை அங்கேயே வெட்டிவிடுவார்கள். படத்தால் வந்த வினை என்று தெரிந்தது. மாற்றச் சொல்ல வேண்டுமென்றால் போய்ப் பேச வேண்டும். அதனால் தள்ளிப் போட்டேன்.

அப்போதுதான் அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உறிஞ்சி முடித்தபோது அடியில் ஒரு முழத்துக்குக் கசடு இறுகிக் கிடந்தது. தண்ணீரைப் பாய்ச்சி ஊற விட்டால் மறுநாள் குழாயிலேயே வந்துவிடும். அதைச் சொன்னேன்.

"நாளைக்கு எதுக்கு? எறங்கி அள்ளிடுங்க."

"எறங்கக் கூடாதுங்க சார். உள்ள வாயு இருக்கும். சட்டப்படியும் தப்புங்க."

"சட்டமா? நீயேதான போட்டிருக்க!" ஒரு நிமிடம் முன்பு வரை நான் அவருக்கு 'நீங்க'.

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அங்கே சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தது. படம் திறக்கவில்லை. படம் வரவேண்டிய கட்டத்தில் அதற்குப் பதிலாக எழுத்து வந்து நின்றது. வெளியில் தெரியாது என்று வெப்சைட்காரர் சொன்ன எழுத்து. ஆங்கிலமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். தமிழ்தான்.

'பெரம்பலூர் அரியலூர் செப்டிக் டேங்க் உள்ளே ஆள் இறங்கிக் கையால் அள்ளி முழு சுத்தம் குறைந்த செலவில்.'

எனக்குக் குமட்டியது. தொட்டி நாற்றத்தில் எனக்குக் குமட்டி எத்தனையோ வருஷமாகிறது.

"அது பொய்ங்க சார். புதுத் தொட்டி. மேல பூசியிருந்தது வெறும் மண்ணுங்க."

"அப்ப ஊர ஏமாத்துறியா?"

ஜன்னலுக்குள்ளிருந்து அவர் மனைவி, "என்னங்க அவன்கிட்டப் பேச்சு? எறங்கி முடிக்கச் சொல்லுங்க, வூடே நாறுது" என்றார்.

"எறங்குப்பா. உங்க ஆளுங்க எறங்காததா?"

என் ஆட்கள் யார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் சொன்ன சொல்லை விடவும் எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருப்பது வேறொன்று. அவர் சொன்னதும் என் கால் தானாகத் தொட்டியின் விளிம்புக்குப் போனது. வேட்டியை மடித்துக் கட்டக் கை போனது. மாட்டேன் என்று சொல்வதை விட இறங்கிவிடுவது சுலபம் என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டேன். குழாயைச் சுருட்டி வண்டியில் மாட்டினேன். பின்னால் அவர் என்னென்னவோ கத்தினார். அதையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நேரே வெப்சைட்காரரிடம் போனேன். நின்றபடியே, "அந்தப் படத்த எடுத்துடுங்க, அந்த எழுத்தையும்" என்றேன்.

"அண்ணே, அந்த ஒரு படத்தாலதான் ஆளு வருது. மொத எடத்துல நிக்குது."

"எடுத்துடுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, எடுத்துவிட்டார். லாரிப் படத்தை வைத்தார். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டேன். தேடிக் காட்டினார். நான் வாளியோடு அதே முதல் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் முகத்தின் மேல் அழுத்தினார். வேறு யாருடைய வெப்சைட்டோ திறந்தது. வேறு போன் நம்பர். அவர் எதையோ தட்டிப் படத்துக்குப் பின்னால் இருந்ததைத் திறந்து காட்டினார்; அவர் எழுதிய எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது.

"திருடிட்டாங்கண்ணே!" என்றார். கோபம் இல்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமை கூட. "அவ்ளோ நல்ல படம்."

அதை அங்கிருந்து எடுக்கச் சொல்ல முடியாதா என்றேன். எழுதிப் போடலாம், நடக்குமா தெரியாது என்றார். அந்த வெப்சைட்டில் இருந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் லாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணே, எந்த ஊரு? லாரி மட்டுமா, ஆளும் எறங்கணுமா?"

"ஆளு எறங்குவாங்களா?" என்றேன்.

"படத்துல பாத்தீங்கல்ல? எறங்கி வழிச்சு எடுத்துருவாங்க."

"அந்தப் படத்துல இருக்குறது நான்தாங்க" என்றேன். "அத எடுத்துடுங்க. அது பொய்யி. யாரையும் உள்ள எறக்காதீங்க."

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு.

"நெசமாவா? ஏண்ணே, அப்ப நாளைக்கு வந்துருங்களேன். ஜெயங்கொண்டத்துல ஒரு தொட்டி இருக்கு, ஒரு ஆளு கொறையுது."

நான் போகவில்லை. யாரோ போயிருப்பான்.