கடலுக்கு எத்தனை அடி

பொன்னேரி வாடகை வீட்டில் கட்டிலுக்கு இடம் அளக்க, நைனாவின் பழைய நீள டேப்பை இழுத்தேன். உப்பும் துருவும் கலந்த அந்த வாசனை என்னைக் கோட்டைக்குப்பத்துக்கு, இப்போது கடலுக்குள் கிடக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு அமாவாசை அலைக்குப் பிறகும் நைனா டேப் முனையை அடுப்படிச் சுவரில் அழுத்திப் பிடிப்பார், நான் மறுமுனையோடு ஈரமணல் வரைக்கும் ஓடுவேன், காற்றில் டேப் படபடவென்று அடித்துக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் மீட்டர் படித்த ஜோரில் "பன்னெண்டு மீட்டர் நைனா!"னு கத்துவேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "இன்னாடி பன்னெண்டு? அடில சொல்லு!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா பெருசா இருக்கறதையே சொல்லேன். தண்ணி கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்."

டேப்பின் அடிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து "நாப்பது அடி" என்பேன். அவள் மறுபடி மீன் அலசுகிற சத்தம் கேட்கும்.

அமாவாசைக்கு அமாவாசை அந்த நாற்பது தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியாக அளந்த அன்று, அவள் கேட்பதற்கு முன்னால் நானே "ரெண்டு அடிம்மா" என்றேன். டேப்பைத் திருப்பி மீட்டர் பக்கத்தையும் பார்த்தேன். அதில் ஒரு மீட்டர்கூட இல்லை. உள்ளே மீன் அலசுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.