பதின்மூன்றாம் தடவை கேட்ட கிழமை

பிள்ளைகளே, அப்பா பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்றால் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து அல்ல.

வேடசந்தூர் மில்லின் பஞ்சுத் தூசியால் எனக்கு இருமல் நிற்கவே இல்லை. திண்டுக்கல்லில் ஒரு முதியோர் இல்லத்தில், சான்றிதழ் இருந்தால் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்காகத்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகச் சான்றிதழ் வகுப்பில் முதியோர் பராமரிப்பு படித்தேன். பேராசிரியர் திரையில் தெரிவதை அப்படியே வாசிப்பார். கிழவர் ஒருவரைக் கைபிடித்து எழுப்புவதைப் படம் படமாகப் போட்டு விளக்கினார். பேராசிரியருடைய பேனா கீழே விழுந்தால் மட்டும் எங்களில் ஒருவர்தான் குனிய வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு அகரம் கிராமத்திலிருந்து வயதான பூ விவசாயி ஒருவரை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். அவருடைய ஞாபகசக்தியைச் சோதித்துப் படிவம் நிரப்ப வேண்டும். நகல் அவர் வீட்டுக்கும் போகும். பன்னிரண்டு பேர் அதே கேள்விகளைக் கேட்டு முடித்திருந்தார்கள். ஒருவருக்கும் அவருக்கு ஒரு டீ வாங்கித் தரத் தோன்றவில்லை. படிவத்தில் டீக்குக் கட்டம் இல்லையே!

நான் பதின்மூன்றாவது ஆள்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏலே அப்பு, இம்புட்டுப் பேரு படிக்கிறீக, ஒருத்தனுக்குமா கிழமை தெரியல? வெள்ளின்னு எழுதிக்க, போ."

அன்று சனி.

"ஞாபகக் குறைவுன்னு டிக் போடுங்க," என்றார் பேராசிரியர்.

"சார், சலிச்சுப்போய் சொல்றாரு. மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னாரு."

"நீங்க என்ன டாக்டரா?"

பெரியவர் விடவில்லை. "வாத்தியாரே, சனிக்கிழமைதான். காலையில உங்ககிட்டயும் சொன்னேனே, மறந்துபோச்சா?"

"முதல்ல சொன்ன பதில்தான் செல்லும்," என்றார் பேராசிரியர். அவ்வளவு படித்த மனிதர்!

அவர் சொன்ன இடத்தில் டிக் போட்டால் எனக்குச் சான்றிதழ். பெரியவர் வீட்டில் நாளை முதல் அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? 'ஞாபகம் நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, என் பெயருக்கு நேராக 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினார்.

அவருக்கும் ஒருநாள் வயதாகும். அன்று அவரைச் சோதிக்க, அவரிடம் தேறிய அந்தப் பன்னிரண்டு பேரும் படிவத்தோடு போவார்கள். போகட்டும்.

உங்கள் அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "ஒரு டிக்குதானே? போட்டுட்டு வந்திருந்தா இந்த இருமலாவது நின்னிருக்கும்ல?" என்றாள்.

திங்கட்கிழமை மறுபடியும் மில் பஸ் ஏறினேன்.