இடப்பக்கத்தில் நின்றவர்

"அண்ணை, இடப்பக்கம்." மைதானத்தின் ஓரக்கோட்டிலிருந்து எங்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாளர் கத்திய அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் மூடுபனி பாதி மைதானத்தை விழுங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் யப்பானியர். டேனிஷ்காரர்களைப் போலவே நாங்களும் அவரை ட்ரேனர் என்றுதான் கூப்பிடுவோம். 'அண்ணை' என்பது எங்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல். அணியில் என்னோடு சேர்த்து நாலு தமிழர். மூத்தவரான மட்டக்களப்புக்காரரை மற்ற மூவரும் அண்ணை என்போம். அதற்கு என்ன அர்த்தம் என்று ட்ரேனர் ஒருநாள் கேட்டார். கூடப்பிறந்த மூத்தவர் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

அன்று அந்த அண்ணை காய்ச்சலில் படுத்திருந்தார். ஆள் கிடைக்காமல் பத்துப் பேரோடுதான் இறங்கினோம். பின்களத்தில் எனக்கு இடப்பக்கம், அவர் வழமையாக நிற்கும் இடம், வெறுமையாகக் கிடந்தது. ட்ரேனர் பழக்கதோசத்தில் கத்துகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கத்தால் ஒரு கோலும் வரவில்லை. முடிந்ததும் எதிரணியின் முன்கள வீரன் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டான்:

"உனக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கே?"

"அங்கே யாரும் நிற்கவில்லை."

"விளையாடாதே. நான் இரண்டு தடவை அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்."

பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்த ட்ரேனரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஓரத்து மரவாங்கில் வந்து இருந்தார். நான் தமிழ் கலந்தும் அவர் யப்பான் மொழி கலந்தும் டேனிஷில் கதைத்து ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று அவர் மெதுவாகச் சொன்னார். யப்பானில் ஒரு தொழிற்சாலை அணியில் அவரும் தமையனும் பின்கள வீரர்கள். தமையன் எப்போதும் இடப்பக்கம். ஒருநாள் பந்தைத் துரத்தி இவர் முன்னே போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது தமையன் புல்லில் கிடந்தார். யாரும் இடிக்கவில்லை, பந்தும் படவில்லை. இதயம் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் இவர் டென்மார்க்குக்கு விளையாட வந்தது. முழங்கால் முறிந்து, ஆட்டத்தை விட்டு, எங்கள் சின்ன அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

"அவர் செத்தபிறகு நான் ஒருநாளும் கண்டதில்லை. எதிரணிக்காரர்தான் சொல்லுவார்கள்," என்றார்.

ஒரு பெரிய அணி அவரை அழைத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். அவர் ஏன் போகவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

"நான் போனால் அவரும் வருவாரா, இங்கேயே நின்றுவிடுவாரா? அது தெரியாமல் எப்படிப் போவது?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் மனைவியும் மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கு நான் போட்ட விண்ணப்பத்துக்கு ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. எங்களைப் போன்ற பலரின் கோப்புகள் அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பது பின்னர்தான் வெளியே வந்தது. தமிழர் வழக்கு என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அதுவரை, ஊரில் குண்டு விழுந்த செய்தி கேட்ட நாட்களில், அவர்கள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருவழியாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஞாயிறே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றும் மூடுபனிதான். இடைவேளையில் நான் தண்ணீர் குடிக்க வந்தபோது மகள் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்த மாமாவின்ரை காலிலை மட்டும் ஏன் சேறு இல்லை?"

"எந்த மாமா?"

ஆட்டக்காரர் எல்லோரும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். அவள் வெறும் மைதானத்தைக் காட்டினாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வந்த கிழமையே பேய்க்கதை கதைக்காதை பிள்ளை."

ட்ரேனருக்கு மகளின் தமிழ் விளங்கவில்லை. ஆனால் அந்தச் சுட்டுவிரலைப் பார்த்துவிட்டார். மகளுக்கு முன்னால் முழங்கால் நோக மெல்லக் குந்தினார். அங்கே நிற்பவர் பார்க்க எப்படி இருக்கிறார் என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன்.

"இவர் மாதிரித்தான். ஆனா இளம் ஆள்."

அதை நான் டேனிஷில் சொன்னதும் ட்ரேனர் வாயைப் பொத்திக்கொண்டார். "இப்போது நான்தான் மூத்தவன்," என்றார். பிறகு கேட்டார்: "என்னைப் பார்க்கிறாரா?"

மகள் எட்டிப் பார்த்தாள். "இல்லை. அவர் பந்து வாறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நான் மொழிபெயர்த்தேன். ட்ரேனர் கனநேரம் எழும்பவில்லை. எழும்பியதும் மைதானத்தை நோக்கி இடுப்பு வளைய ஒருதடவை தலைவணங்கினார். இரண்டாம் பாதி முழுவதும் அவர் 'அண்ணை' என்று கூப்பிடவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் பெரிய அணிக்குப் போய்விட்டார். அங்கே சில காலம் இருந்துவிட்டு யப்பானுக்குத் திரும்பி, தொழிற்சாலை அணியொன்றுக்கு முகாமையாளராக இருந்ததாகக் கேள்வி. அவருடைய அணிகள் முன்னேறி அடிக்கும், பின்னால் கோல் வாங்கும் என்று ஒரு டேனிஷ் நண்பன் சொன்னான். தன் தமையனை அவர் இங்கே விட்டுவிட்டுத்தான் போனார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. மூடுபனி நாட்களில் நான் அதைக் குறுக்கே கடப்பதில்லை, தெருவால் சுற்றித்தான் போவேன். கேட்டால், புல் ஈரம் என்பேன். மகளுக்கு அந்தப் பயம் இல்லை. வளர்ந்து இப்போது பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறாள். நாயைக் கூட்டிக்கொண்டு நேரே நடந்து போவாள். ஆனால் ஓரிடத்தில், ஒடுங்கிய நடைபாதையில் எதிரே வருபவருக்கு வழிவிடுவதுபோல, தோளைச் சற்றுத் திருப்பி விலகி நடப்பாள். நாயும் விலகும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். தான் அப்படி ஒருபோதும் விலகவில்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.