வியாழக்கிழமைப் பேய்

ஹாலோவீன் என்றாலே எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கும். வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கு எதற்கு என்பார்கள். எனக்கு அந்தச் சண்டையே கிடையாது. ஷார்ஜா ரோலாவில், பேருந்து இரைச்சல் நாள் முழுக்க வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்தில், அதைக் கொண்டாடித்தான் வளர்ந்தேன். இன்றைக்கும் அந்தப் பண்டிகைமேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் ஆட்கள்மேல்.

எங்கள் கட்டடத்தில் அதைத் தொடங்கிவைத்தது நாலாவது மாடியில் இருந்த பிலிப்பினோ குடும்பம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கதவைத் தட்டியதும், மிட்டாய் கிடைக்கிற விஷயம் ஆயிற்றே, நாங்களும் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் கிளம்பிவிட்டோம். பாதிக் கதவுகள் திறக்காது. மூன்றாவது மாடி மலையாளி ஆன்ட்டி நேந்திரங்காய் சிப்ஸ் கொடுப்பார். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருப்பாள். புரட்டாசி அமாவாசை முடிந்த கையோடு இப்படிப் பேயைக் கூப்பிடுகிறீர்களே என்று திட்டிக்கொண்டே சுடுவாள்.

ஆனால் எங்கள் ஹாலோவீன் ஊர் உலகம் கொண்டாடும் தேதியில் வந்ததே இல்லை. அதை ஒட்டி வருகிற வியாழக்கிழமை மாலையில்தான் வரும். காரணம், எங்கள் பேய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.

பேய் என்றால் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, அப்பாவின் சிநேகிதர். இருவருக்கும் ராமநாதபுரம் பக்கம் அடுத்தடுத்த ஊர். ஒரே ஏஜெண்ட் அனுப்பி ஒன்றாக விமானம் ஏறி, லேபர் கேம்பில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அப்பா ஃபோர்மேன் ஆகி, விசா எடுத்து அம்மாவையும் என்னையும் அழைத்துவந்துவிட்டார். சித்தப்பா கேம்பிலேயே இருந்தார். வாராவாரம் வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் குளிக்கக்கூட நிற்காமல், அந்த நீலக் கவர்ஆல் வேலையுடுப்போடு பஸ் ஏறி எங்களிடம் வந்துவிடுவார். ஹாலோவீனன்று அதன்மேல் அம்மாவின் வெள்ளைப் போர்வை. முகத்தில் ஒரு டப்பா பவுடர். மாடிப்படித் திருப்பத்தில் கரண்ட் மீட்டர் வைத்திருக்கும் அலமாரிக்குள் ஒளிந்துகொள்வார். சேஃப்டி ஷூ முனை போர்வைக்குக் கீழே நன்றாகத் தெரியும். தெரிந்தும் அலறுவோம். அலறாவிட்டால் அவருக்கு வருத்தமாகிவிடும். ஊரில் விட்டுவந்த தன் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாத விளையாட்டையெல்லாம் எங்களிடம் காட்டிக்கொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது.

ஒரு வருஷம் பேய் வரவில்லை. அன்றைக்காவது வந்துவிடுவார் என்று பையோடு மாடிப்படியில் காத்திருந்தோம். சித்தப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று அம்மா ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தாள். போனது நிஜம்தான், பெட்டியில் போனார். அதை எனக்குச் சொல்ல அப்பாவுக்குப் பல வருஷம் ஆயிற்று.

அது ஆகஸ்ட் மாதம். சைட்டில் வெயில் கொளுத்தியிருக்கிறது. வியாழக்கிழமை வழக்கம்போல் அவர் வரவில்லையே என்று அப்பா மறுநாள் கேம்புக்குத் தேடிப் போனார். சித்தப்பா டூட்டி உடுப்பைக்கூடக் கழற்றாமல் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தார். லீவு நாள்தானே, தூங்கட்டும் என்று அறையில் இருந்தவர்கள் விட்டிருக்கிறார்கள். அப்பா தட்டி எழுப்பினார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். இயற்கை மரணம் என்று முடித்துவிட்டார்கள். நாற்பது வயதுகூட ஆகாத, மூட்டை தூக்குகிற உடம்பு. அதில் என்ன இயற்கை இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

இப்போது நான் இருப்பது துபாய் அல் குசைஸில். கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கீழே ஒரு பார்ட்டி ஹால், எல்லாவற்றுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். போன அக்டோபரில் அப்பா ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். தாத்தாவோடுதான் ஹாலோவீனுக்குப் போவேன் என்று என் மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் குரூப்பில் போஸ்டர் வந்தது. இந்த வருஷத் தீம்: ஹாண்டட் லேபர் கேம்ப்.

ஏற்பாடு செய்தவர் நம் ஆள்தான். ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் இன்ஜினியர். போட்டோக்களும் போட்டிருந்தார். இரும்பு அடுக்குக்கட்டில், சிவப்புப் பெயிண்ட் தெளித்த ஹெல்மெட், கொடியில் நீலக் கவர்ஆல்கள். கீழ்க்கட்டிலில் பஞ்சு அடைத்த கவர்ஆல் ஒன்று ஆள்போலப் படுத்திருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் நைலான் நரம்பை இழுத்து அதை எழுந்து உட்கார வைப்பார்களாம். எல்லாம் சைட்டிலிருந்தே கொண்டுவந்த ஒரிஜினல் என்று பெருமை வேறு. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். ஒருத்தருக்குக்கூட உறுத்தவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே அவருக்குப் போன் செய்தேன். என் அப்பா கேம்பில் இருந்தவர், அவருடைய சிநேகிதர் அப்படியொரு கட்டிலில்தான் செத்துக் கிடந்தார், அவர் இதைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அய்யோ சிஸ்டர், சும்மா ஃபன்னுக்குத்தான். அந்தக் கட்டிலத்தானே, தூக்கிடறேன். கலாஸ், முடிஞ்சுது," என்றார்.

நம்பினேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று பிள்ளைக்கு அவர்தான் விளக்க வேண்டியிருக்கும்.

கட்டிலைத் தூக்கவில்லை. நரம்பு கட்டி முடித்தாயிற்று, இனி யார் அவிழ்ப்பது என்று விட்டிருக்கிறார். ஹாலோவீன் மாலையில் நான் பார்ட்டி ஹால் வாசலில், செருப்பு ரேக் பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் தாத்தா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டாள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பொம்மை விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள்.

அப்பா அலறவில்லை. மகள் கையை மெதுவாக விட்டார். கட்டிலுக்குப் போய், அந்தப் பொம்மையின் இரண்டு தோளையும் பிடித்துப் படுக்கவைத்தார். திரைக்குப் பின்னால் யாரோ மறுபடி இழுத்தார்கள், அது மறுபடி எழுந்தது. அப்பா மறுபடி படுக்கவைத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"படுத்துக்கடா. இன்னிக்கி லீவுதான்," என்றார்.

ஹாலே கைதட்டியது. அங்கிள் சூப்பர் என்று விசில் அடித்தார்கள். எல்லார் கையிலும் போன், எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். ஷோவில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் போய் நரம்பை அறுத்தேன். அந்த இன்ஜினியரை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி கேட்டேன். நீ சாப்பிடுகிற சோறு இந்த உடுப்புப் போட்டவன் உழைப்பு இல்லையா என்றேன். யாரோ, பிள்ளைகள் முன்னால் ஏன் இப்படி என்றார்கள். பிள்ளைகள் முன்னால் பிணத்தை எழுப்பி விளையாடலாம், நான் சத்தம் போட்டால்தான் தப்பு. மகள் அழுதாள். லிஃப்டில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விடும்மா. அவங்களுக்குத் தெரியாதுல்ல."

தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல். ரோலாவில் கதவு திறக்காத வீட்டுக்காரர்களுக்கு எங்களைத் தெரியாது, சரி. இந்த ஆள் தினமும் காலையில் அந்த உடுப்புக்காரர்களை எண்ணித்தான் பஸ்ஸில் ஏற்றுகிறார். அவர்கள் படுக்கும் கட்டிலைப் பார்த்திருக்கிறார். தெரிந்ததால்தான் அவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடிந்தது. நானும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. அவர்தான். டூட்டிக்குக் கிளம்பிய கோலம், கழுத்தில் கம்பெனி ஐடி, கையில் பளபளப்பான பரிசுப் பை. மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. சிஸ்டர் நேற்றுக் கொஞ்சம் எமோஷனல் ஆகிவிட்டீர்கள், போகட்டும், பெஸ்ட் ஆக்டர் பரிசு அங்கிளுக்குத்தான் என்று குரூப்பில் எல்லாரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

கதவை முகத்தில் அறைந்து சாத்தியிருப்பேன். அதற்குள் எனக்குப் பின்னால் சோபாவிலிருந்து அப்பா எழுந்துவிட்டார். அந்த ஐடியைப் பார்த்து எழுந்தார். லுங்கியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். என்னைவிட இளையவரான அந்த மனிதரிடமிருந்து பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"தேங்க்ஸ் சார்," என்றார்.

லிஃப்ட் கதவு மூடும்வரை அப்பா உட்காரவில்லை.