ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்

உப்பு ஏறிய மண்ணில் நெல் தாக்குப்பிடிக்க, அதன் செல்லுக்குள் ஒரு புரதம் புகுந்து மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் புரதம் இலையில் இருப்பதைக் காட்ட வேண்டும். என் பி.எச்டி. மொத்தமும் இவ்வளவுதான். இதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் அலைந்து இடுப்பு தேய்ந்துவிட்டது.

காட்டுவதற்கு ஒரு வழி உண்டு. அந்தப் புரதத்தைத் தனியாகத் தயாரித்து முயலுக்கு ஊசி போட்டால், அதன் ரத்தத்தில் எதிர்ப்பாக ஆன்டிபாடி உண்டாகும். இலையின் புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வில் ஒட்டி, முயலின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை அதன்மேல் விட்டால், ஆன்டிபாடி நம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். சவ்வின்மேல் வைத்து எடுக்கும் எக்ஸ்ரே ஃபிலிமில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். ஆனால் முயல் தருவது பாலிகுளோனல். ஒன்றல்ல, பல ஆன்டிபாடிகளின் கும்பல். கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்தவர்களும் அதில் இருப்பார்கள். யார் எதன்மேல் போய் ஒட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

எனக்கு முதலில் கோடு கோடாக விழுந்தது, பாய் விரித்த மாதிரி. பிறகு ஒன்றுமே விழவில்லை. பி.எச்டி.க்குக் கொடுத்த கால நீட்டிப்புகளெல்லாம் முடிந்து கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வழிகாட்டியான சாருக்கும் ஓய்வு நெருங்கிவிட்டது. முயல் செத்துப்போனது. மிச்சமிருந்த சீரத்தின் கடைசிச் சொட்டையும் விட்ட அன்றைக்கு, இருட்டறையின் சிவப்பு விளக்கில், சரியான இடத்தில் ஒரு கோடு எழுந்து வந்தது. உப்புத் தண்ணீரில் நின்ற நாற்றில் அடர்த்தியாக, நல்ல தண்ணீர் நாற்றில் மங்கலாக. அலறியே விட்டேன்.

குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஷிஃப்டில் இருந்த கணவருக்கு போன் செய்தேன்.

"உன் மொசலு கடைசியில காப்பாத்திடுச்சா?" என்று சிரித்தார்.

சாரும் சிரித்தார். "ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் ஃபிரீசர்ல இருக்கும்மா. அதையும் ஒருதடவ ஓட்டிடு. சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்."

அந்த ரத்தத்தில் கோடு விழக்கூடாது. முயல் அப்போது என் புரதத்தைப் பார்த்ததே இல்லை.

விழுந்தது. அதே இடத்தில், அதே அடர்த்தியில். உப்பு நாற்றில் அதிகம், மற்றதில் குறைவு. ஃபிலிமை மாற்றி எடுத்துவிட்டேனா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சார் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "நாத்து" என்றார்.

அவர் பெண்ணாடம் பக்கத்து விவசாயக் குடும்பம். சாம்பிள் எடுத்து மீந்த நாற்றைக் குப்பைக்கூடையில் போட அவருக்கு மனசு வராது. சாயங்காலம் கையில் அள்ளிக்கொண்டு போய் முயல்களுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். எங்களுக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. நாற்றைக் குப்பையில் போட எங்களில் யாருக்கு மனசு வரும்? ஊசிக்கு முன்பே அந்த முயல் நெல்லின் ஏதோ ஒரு புரதத்துக்கு ஆன்டிபாடி வைத்திருந்திருக்கிறது; நான் பார்த்து அலறிய கோடும் அதனுடையதாகத்தான் இருக்கும். தின்றதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சார் முகத்தில் சந்தேகமே இல்லை.

"சார், இந்த ஃபிலிமை விட்டுடலாம் சார்" என்றேன். என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது. "யாரும் கேக்க மாட்டாங்க. இன்னொரு மொசலுக்கு ஊசி போட எனக்கு டைம் இல்ல சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

"உன் இஷ்டம்மா" என்றார் தலையைக் குனிந்தபடி.

பஸ்ஸில் இரண்டு ஃபிலிம்களையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றைக் கிழித்துப் போட்டால் நான் டாக்டர். கிழிக்கத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கோட்டை நம்பி இன்னொருத்தி எங்கேயோ முயல் வாங்குவாள், அவளும் இதேபோல இருட்டறையில் நின்று சாவாள் என்ற நினைப்பு ஆலப்பாக்கம் தாண்டியும் என்னை விடவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டில் கணவர் லட்டு வாங்கி வைத்திருந்தார். ஷிஃப்டில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இத்தன வருஷமும்?" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எழுதினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'இந்த ஆன்டிபாடியால் இப்புரதத்தைக் காட்ட முடியவில்லை' என்று கீழே போட்டேன். சார் முழுவதும் படித்தார். கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடினார்.

"காரணம் எழுதலியேம்மா. நாத்து போட்டத எழுது. நான்தான் போட்டேன்னு எழுது."

"வேணாம் சார்."

"எழுதும்மா. இல்லன்னா உனக்கு வேல தெரியலன்னு நெனைப்பாங்க."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். அழுகையில் எழுத்து தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதி முடித்தேன்.