பொன்னுரங்கத்தின் நாக்கடி மாத்திரை

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பொன்னுரங்கம் வைத்த வெல்டிங் விட்டுப்போனதாக ஒருத்தரும் திரும்பி வந்தது கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கூலிக்கு இரும்பு தூக்கியவர். பிறகு சொந்தமாக ஒரு ஷெட் போட்டார், அதை ஒட்டி இன்னொன்றும் போட்டார். பீடி கிடையாது, பிராந்தி கிடையாது, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷனை அறுபத்திரண்டு வயதில் 'போதை மீட்பு சிகிச்சைப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே உட்காரவைத்துப் பெயரெழுதினார்கள் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

எல்லாம் ஒரு கூரையிலிருந்து சறுக்கி விழுந்ததில் வந்த வினை. முதுகெலும்பில் அடி. மேடவாக்கம் போகிற வழியில் ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை எழுதிக்கொடுத்து, வலித்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அது அபின் இனத்து மாத்திரை, உடம்பு பழகிப்போகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு ஆறாயிற்று. ஒரு வேளை தவறினால் கை நடுங்கும், மூக்கு ஒழுகும், எலும்புக்குள் எறும்பு ஊரும். ஏதோ பெரிய நோய் என்று பயந்து அதே கிளினிக்கில் போய்க் கேட்டார். அந்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "நான் ஆறு போடச் சொல்லலையே" என்றாராம். எழுதிக்கொடுத்த கை அவருடையது, பழி மட்டும் தின்ற வாய்க்கு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நித்யஸ்ரீ என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். பொன்னுரங்கத்தின் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் உட்காரவைத்து முழுக்கக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். நீங்கள் தப்பு செய்யவில்லை, உடம்பு பழகிவிட்டது, பழக்கின உடம்பைப் பக்குவமாகத்தான் மீட்க வேண்டும் என்றார். பழைய மாத்திரைக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார். எட்டு எம்ஜியில் ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் இரண்டுக்கு இறக்கியாயிற்று. மிச்சத்தைப் பொடிப்பொடியாகக் குறைத்துத் தை மாதத்தில் நிறுத்துவதாகக் கணக்கு.

அந்த மாத்திரையில் ஒரே ஒரு கஷ்டம். கரைகிறவரைக்கும் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. ஊரில் நாலு பேர் கூடினால் மூன்று பேர் பங்கையும் தானே பேசுகிற பொன்னுரங்கத்துக்கு அது சாதாரணக் கஷ்டமா? அவர் சம்சாரம் தையல்நாயகி மட்டும், முப்பத்தைந்து வருஷத்தில் இந்த ஒன்றரை வருஷமாகத்தான் காலை ஒன்பது மணிக்கு வீடு நிம்மதியாக இருக்கிறது என்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டவன் பங்காளி வேதாசலம். அவர்கள் ஊரான கோவிலம்பாக்கத்து அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முதல் காப்பு பொன்னுரங்கம் வீட்டுக்குத்தான். அவர் கையில் மஞ்சள் கயிறு ஏறின பிறகுதான் மற்றவர்கள் கையை நீட்டலாம். இந்த வருஷக் கூட்டத்தில் வேதாசலம் எழுந்து, போதை மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் காப்பு கட்டினால் அம்மனுக்கு ஆகாது என்றான். அவனுடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் சாயங்காலமானால் என்ன குலுங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொன்னுரங்கத்துக்கு வேதாசலம் பேசினதைவிட அந்தக் குனிந்த தலைகள்தான் சுட்டன. அதில் பாதித் தலைக்கு மேலே இருக்கிற கூரை அவர் போட்டது.

காப்புக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார். டாக்டரைக் கேட்கவில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. "பாத்தியா? இரும்பு அடிச்ச ஒடம்பு இது" என்று தையல்நாயகியிடம் தோளைத் தட்டிக் காட்டினார். அந்த மாத்திரை உடம்பில் மெதுவாக இறங்குகிற ஜாதி, ரத்தத்தில் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஷெட்டில் கொட்டாவி ஆரம்பித்தது. ஒன்றா இரண்டா, தாடை கழன்று விழுகிற மாதிரி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சித்திரையை மிஞ்சுகிற வெயிலில் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வயிறு நாலு தடவை ஓடவைத்தது. இரண்டு காலையும் யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி இருந்தது, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டிரில் பிட் போட்டு வைக்கிற இழுப்பறையின் அடியில் பழைய வலி மாத்திரை ஒரு அட்டை கிடப்பது அவருக்குத் தெரியும். எடுத்தார். பழையபடி ஆறையும் பிதுக்கிக் கையில் கொட்டியபோது சாப்பாட்டுக் கேரியரோடு தையல்நாயகி உள்ளே வந்தாள்.

அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவர் உள்ளங்கையைத் தன் கையில் கவிழ்த்து மாத்திரைகளை வாங்கிக்கொண்டாள்.

"வார்ப்பிரும்புல வெல்டிங் வெச்சா சாம்பல்ல பொதச்சு ஆற வெக்கணும், தண்ணில முக்குனா வெடிச்சுடும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற. உன் ஒடம்ப மட்டும் தண்ணில முக்கிக்கினு நிக்கற."

ஷெட்டை அப்படியே பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து பொன்னுரங்கம் அன்றைக்குத்தான் பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டது, அந்த ஆறையும் விழுங்கியிருந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கும் என்றார். மறுபடி இரண்டு எம்ஜியிலிருந்து தொடங்கச் சொன்னார். காப்பு கட்டுகிற ஒரு நாளைக்காவது மாத்திரை இல்லாமல் இருக்கலாமா என்று பொன்னுரங்கம் கேட்டார். ஒரு நாளும் கூடாது, ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி என்றுவிட்டார்.

காப்பு நாள் வந்தது, கட்டுகிற நேரமும் ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். பம்பை முழங்குகிறது. பூசாரி தட்டில் மஞ்சள் கயிற்றோடு நிற்கிறார். வேதாசலம் குறுக்கே வந்து நின்றான். "மாத்திரைய உட்டாச்சுன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணு. பண்ணிட்டு கைய நீட்டு."

பொய்ச் சத்தியம் ஒரு நொடி வேலை. பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். எல்லோரும் பார்க்க ஒரு மாத்திரையைப் பிரித்து, நாக்கைத் தூக்கி, அடியில் வைத்து வாயை மூடினார்.

வேதாசலத்துக்கு அதைவிடத் தோதான நேரம் ஏது? வாய் திறக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினான். கோயிலுக்குள்ளேயே போதை என்றான், பரம்பரைக்கே அசிங்கம் என்றான். பொன்னுரங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் மடங்கின. ஆனால் உதடு பிரியவில்லை.

"அவர் வாயில மருந்து கீது, அதனால நான் பேசறேன்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து தையல்நாயகி முன்னால் வந்தாள். "நீ காலைல சக்கரை மாத்திரை முழுங்கிட்டுதான வந்த, வேதாசலம்?"

"சக்கரையும் அதுவும் ஒண்ணா, அண்ணி?"

"ரெண்டும் டாக்டர் எழுதினது. உன் ஸ்கூட்டர் பொட்டில கீதே, அத எந்த டாக்டர் எழுதினாரு?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வேதாசலம் பூசாரியைப் பார்த்தான். காப்பு கட்டுமுன் கட்டிக்கொள்கிறவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் தன் வாயாலேயே அம்மனுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே முறை. வாய் திறக்காதவனுக்கு எப்படிக் கட்டுவது, கயிற்றை இந்தப் பக்கம் கொடுங்கள் என்று தன் கையை நீட்டினான்.

பூசாரி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எத்தனை நிமிஷம் என்று தையல்நாயகியைக் கேட்டார். இன்னும் ஆறு என்றாள்.

"நேரம் பத்தரை வரைக்கும் கீது. நிக்கலாம்" என்றார்.

பம்பைக்காரர் கையை இறக்கினார். கோவிலம்பாக்கம் மொத்தமும் ஆடி வெயிலில், பொன்னுரங்கத்தின் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை கரைவதற்காக ஆறு நிமிஷம் நின்றது. நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேதாசலம் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

கரைந்ததும் அவர் வாயைத் திறந்தார். தன் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார். பூசாரி கயிற்றைச் சுற்ற ஆரம்பிக்க, யாரும் கேட்காமலேயே கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவதும் ஒன்று சொன்னார்.

"ரெண்டு எம்ஜி. தை மாசம் முடியுது. நாளைக்கும் ஒம்பது மணிக்கு இங்கதான் வெச்சுக்குவேன், பாக்கணும்னா வாங்க."