அமலி அக்கா தனியாக வாழவில்லை

வெள்ளிக்கிழமை காலை எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. "தலைமை எழுத்தர் அமலி மேடம் காலமானார். திருமணமாகாதவர். தனியாக வாழ்ந்து வந்தார்." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் அப்போது பிணவறை வாசலில் இருந்தேன். பக்கத்தில், அமலி அக்காவின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்தபடி கமலா அக்கா உட்கார்ந்திருந்தார். டெலானிபூர் அரசு குவார்ட்டர்ஸில் அமலி அக்காவோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர். கைகூப்பிய உங்களில் பாதிப் பேர் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமலி அக்காவின் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே அந்தமானுக்கு மீன்பிடிக்க வந்தவர். தட்டச்சராகச் சேர்ந்து தலைமை எழுத்தரானவர் அக்கா. எந்தப் படிவமானாலும் எல்லோரும் அவர் மேசைக்குத்தான் வருவோம். "ரெண்டு காகிதம் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடக் கூடாது, ஏட்டி. போட்டா வாங்குறவன் ரெண்டையும் தூக்கி எறிஞ்சிருவான்" என்பார். நான் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது இது.

துப்புரவு வேலை செய்த ஒப்பந்தப் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு கேட்டு அக்கா எழுதிய குறிப்பு மூன்று முறை திரும்பி வந்தது. நாலாவது முறை கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கே போனார். நானும் பின்னால் நின்றேன். "சார், புள்ள ஃபைல் மாதிரி இல்ல. நாளைக்கு வான்னு சொன்னா கேக்காது" என்றார். கையெழுத்து விழுந்தது. அடுத்தவர் உரிமைக்கு அவர் பயந்ததே இல்லை.

தன் விஷயத்தில் பயந்தார். கமலா அக்கா வெள்ளைக்காரன் கைதிகளை நாடுகடத்திய காலத்திலிருந்தே இங்கே இருக்கும் இந்திக் குடும்பத்தில் பிறந்தவர். மின்னி பே பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது, வெளியாள் தங்குவதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். அமலி அக்கா போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் கமலா அக்காவை 'வீட்டு வேலையாள்' என்று எழுதிக் கொடுத்தார். பிரச்சினை அதோடு ஓய்ந்தது. அந்த வார்த்தை மட்டும் ஒவ்வொரு காகிதமாகப் பரவியது.

அதை வைத்து இருவரும் சிரிப்பார்கள்.

"காகஜ்ல நான் வேலைக்காரி. வீட்ல மால்கின், எஜமானி யாருன்னு இவகிட்டயே கேளு" என்பார் கமலா அக்கா.

"வேலைக்காரிக்கு இவ்வளவு வாயா? நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டு. நாளைலேருந்து நீயே ரொட்டி போடு. அந்தமான் மேப் மாதிரி துண்டு துண்டா வரும்."

நானும் சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அமலி அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. இதய வால்வு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். அரசுச் செலவில் விமானத்தில் அனுப்ப, நோயாளியோடு துணையாள் ஒருவர் போக வேண்டும். படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் தங்கை என்று எழுதலாமா என ஒரு நிமிடம் யோசித்தேன். கமலா அக்காவின் முகவரிச் சான்று அந்தப் போலீஸ் காகிதம்தான். இரண்டும் சண்டை போடக் கூடாதே. 'வீட்டு வேலையாள்' என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "நௌக்கர் நஹி சலேகா, வேலையாள் செல்லாது. ரத்த உறவு, இல்லன்னா ஹஸ்பண்ட்."

கமலா அக்கா குனிந்து, "அண்ணே, நான் அவளோட ஆளு. உன்னீஸ் சால், பத்தொன்பது வருஷம்" என்றார். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து படிவத்தைப் பார்த்தேன். தங்கை என்று மாற்றி எழுதித் தரட்டுமா என்று பிறகு கேட்டேன். "இப்பதான வேலைக்காரின்னு இருந்துச்சு?" என்றார் கவுண்டர்காரர். சொந்தச் செலவில் கூட்டிப் போகலாம் என்றால், ஸ்ட்ரெச்சரில் போகிறவரை விமானத்தில் ஏற்ற ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கும் அதே படிவம்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. நாமும் பெருமையாகப் பகிர்ந்தோம். குற்றமில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

கார் நிக்கோபார் தீவில் வேலை பார்க்கும் அமலி அக்காவின் தம்பியைப் பிடித்தோம். அக்காவோடு பேச்சை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது. வருகிறேன் என்றார். ஹெலிகாப்டரில் இடமில்லை. கடல் கொந்தளித்ததால் கப்பல் புறப்படத் தாமதமானது. வெள்ளிக்கிழமை மதியம் வந்து இறங்கினார். காலையிலேயே எல்லாம் முடிந்திருந்தது. உடலைப் பெற்றுக்கொள்ளும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். உறவு: சகோதரர். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் மாதா கோவிலில் தம்பி குடும்பம் முதல் பெஞ்சில் இருந்தது. பங்குச் சாமியார் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். கமலா அக்கா கடைசி பெஞ்சில், எப்போது எழ வேண்டும் எப்போது முட்டி போட வேண்டும் என்று தெரியாமல், முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கமலா அக்கா குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்வார் என்று கல்லறை வாசலிலேயே உங்களில் ஒருவர் என்னிடம் விசாரித்தார். அவர் யார் என்று அவருக்கே தெரியும்.

நேற்று தையல் கடைக்குப் போனேன். படிவத்தில் அந்த வார்த்தையை எழுதியது நான்தான் என்று கமலா அக்காவிடம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. தைத்து முடித்து நூலை அறுத்த பிறகு, "அமலி பார்த்தாளா?" என்று கேட்டார்.

"பார்த்தாங்க" என்றேன்.

அவர் அடுத்த துணியை மிஷினில் வைத்தார். இதை எழுதட்டுமா என்றதற்கு, "எழுது. என் பேரும் போடு" என்றார்.

அமலி அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, கவுண்டருக்குக் கொண்டுபோகும் முன் படிவத்தை அவரிடம் காட்டிய அந்த ஒரு நிமிடம்தான். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். உறவு என்ற கட்டத்தில் விரல் நின்றது. அடித்துத் திருத்தச் சொல்வார் என்று நினைத்தேன். "சரியா இருக்கு, ஏட்டி" என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.